வாட்ஸ்அப்பில் வரும் வழுக்கள்

செஞ்சியில் ஒரு செயலியில் கோளாறு என்றால் அது முதலில் வாட்ஸ்அப் குரல் பதிவாகத்தான் வரும். அதுவும் விடியற்காலையில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையோடு வந்து காத்திருக்கும் நேரத்தில். பின்னணியில் லாரி ஹாரன், எடை போடக் கூப்பிடும் சத்தம், நடுவே ஒரு பெரியவர்: "தம்பி, நேத்து போட்ட மூட்டைக் கணக்கு இன்னிக்குக் காணமேப்பா, இன்னா செஞ்சி வச்சிருக்கீங்க?" எந்தக் கைப்பேசி, செயலியின் எந்தப் பதிப்பு, எதை அழுத்தினார், ஒரு விவரமும் இருக்காது. ஆனால் கணக்கு காணாமல் போனது உண்மை. கோபமும் உண்மை.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து நெல், மல்லாட்டை மூட்டைக் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்னச் செயலி செய்திருக்கிறோம். எத்தனை மூட்டை, என்ன எடை, என்ன விலை, கூலி போகக் கையில் எவ்வளவு. அவ்வளவுதான் அதன் வேலை. நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துத் திருத்தலாம். செயலியை எழுதும்போது எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. வழுக்களை எங்கே எழுதி வைப்பது என்று பேச ஆரம்பித்தபோதுதான் வந்தது. ஒருவன் கிட்ஹப் என்கிறான். இன்னொருவன், அது மைக்ரோசாஃப்ட் வீடு, வாசற்படிகூட மிதிக்கமாட்டேன் என்கிறான். மூன்றாமவன், எதுக்குடா இதெல்லாம், வாட்ஸ்அப் குழுவே போதாதா என்கிறான்.

மூன்றாமவனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரே வழுவைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எது சரியாகிவிட்டது, எது இன்னும் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேடினால் காலை வணக்கம் ரோஜாப்பூதான் கிடைக்கும். புதிதாக உதவ வரும் மாணவருக்குக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. கூகுள் ஷீட் கொஞ்சம் மேல். ஆனால் ஒரு வழுவைப் பற்றி நாலு பேர் மாறி மாறிப் பேச அதில் இடமில்லை. யாராவது ஒருவர் தவறி ஒரு வரிசையை அழித்துவிட்டால் வேறு தலைவலி.

ஆகவே வழுக்களைப் பதிந்து பின்தொடர இஷ்யூ டிராக்கர் என்று ஒன்று வேண்டும் என்பதில் இப்போது மூன்று பேரும் ஒன்றுதான். எது என்பதுதான் கேள்வி. இதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் வசதிகளை அடுக்கி ஒப்பிடுவார்கள்: லேபிள் உண்டா, போர்டு உண்டா, விலை என்ன. எனக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. வழுவைச் சொல்பவர் யார், அதைச் சரிசெய்பவர் யார்? பெரிய மேலைநாட்டுத் திட்டங்களில் பல நேரம் இரண்டும் ஒரே ஆள். நிரல் எழுதுகிறவர்தான் பயன்படுத்துகிறவர், அவரேதான் புகாரும் சொல்கிறவர். எங்களுக்கு அப்படி இல்லை. சொல்பவருக்கு அடையாளம் என்றால் கைப்பேசி எண்ணும் ஓடிபியும்தான். மின்னஞ்சல் முகவரி இருக்கும், கைப்பேசி வாங்கிய கடையில் பையன் உருவாக்கிக் கொடுத்தது; கடவுச்சொல் அந்தப் பையனுக்கே மறந்திருக்கும். சரிசெய்பவர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளை. அவருக்கு கிட்ஹப் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பிளேஸ்மெண்ட் நேர்காணலில் அங்கே பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்களைக் காட்ட வேண்டுமே.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விட முடியுமா? உலகத்தில் இதற்குப் பலவிதமாக விடை தேடியிருக்கிறார்கள்.

டெபியன் திட்டத்தைப் பாருங்கள். அதன் வழுப் பதிவு முறை தொண்ணூறுகளிலிருந்து மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒரு முகவரிக்கு அஞ்சல் அனுப்பினால் வழுவுக்கு எண் கிடைத்துவிடும், பதில்களும் அஞ்சலாகவே வரும். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பளபளப்பான கருவிகள் வந்து போய்விட்டன, இது நிற்கிறது. நிரலை வைக்க 2018இல் சல்சா என்ற பெயரில் கிட்லாப் நிறுவினார்கள். அப்போதும் வழுக்களைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் மரியாதை உண்டு. ஆனால் மின்னஞ்சல் எழுதும் பழக்கமே இல்லாத ஊரில் இது உதவாது. இன்னொரு சங்கடமும் உண்டு: வழுவை அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி அங்கே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். எங்கள் பெரியவரின் எண்ணை அப்படிப் பொதுவில் போட முடியுமா?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்னும் ஒரு படி தாண்டியது. 2013இல் குறிப்புகள் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் தவறு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, இங்கே வழி இல்லை, இந்தப் பெயர் தப்பு என்று கணக்கே இல்லாமல் எழுதலாம் என்ற நோக்கத்தில் வந்தது அது. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம்முடையது. எங்கிருந்தோ வந்து, கோட்டையின் ராஜகிரிக் குன்றுக்கு ஏறும் வழியில் குழம்பி நிற்கும் ஒருவர், அந்த இடத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்றால் அது எவ்வளவு நல்ல ஏற்பாடு! குறையும் அதிலேயே இருக்கிறது. பெயர் சொல்லாமல் எழுதியவரிடம் "எந்தப் படிக்கட்டைச் சொல்கிறீர்கள்?" என்று திரும்பக் கேட்க ஆள் கிடைக்கமாட்டார். வழுவைத் தீர்க்கும் வேலையில் பாதி திரும்பக் கேட்பதுதான்.

எங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமாக நான் பார்த்தது தமிழ் விக்கிப்பீடியா. அங்கே ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது, தெரிந்திருப்பீர்கள். தளத்தில் ஏதாவது தொழில்நுட்பக் கோளாறு, ஏதாவது அமைப்பை மாற்ற வேண்டும் என்றால் முதலில் அங்கே தமிழில் பேசுவார்கள். பேசி முடிவானதும், விவரம் தெரிந்த ஒருவர் அதை விக்கிமீடியாவின் பேப்ரிக்கேட்டர் என்ற டிராக்கரில் ஆங்கிலத்தில் பதிவுசெய்து, ஆலமரத்தடிப் பேச்சின் இணைப்பையும் கொடுப்பார். அமைப்பு மாற்றம் என்றால், சமூகம் ஒப்புக்கொண்டதா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். அதற்கு ஆலமரத்தடிதான் சாட்சி. பேசும் இடம் வேறு, பதியும் இடம் வேறு, நடுவில் ஒரு மனிதர். யாரும் உட்கார்ந்து வடிவமைத்த முறை என்று தோன்றவில்லை, தேவை அப்படி ஆக்கியிருக்கிறது. அந்த நடு மனிதர் இல்லாவிட்டால் தமிழில் சொன்ன குறை தமிழிலேயே கிடக்கும்.

இன்னொரு உதாரணம் கணியம் அறக்கட்டளை. 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், தமிழுக்கு என்னென்ன மென்பொருள் வேண்டும் என்ற பட்டியலை கிட்ஹப்பில் ஒரு ரெப்போவின் இஷ்யூக்களாகவே வைத்திருக்கிறது. புராஜெக்ட் ஐடியாஸ் என்று பெயர். அங்கே இஷ்யூ என்பது வழு மட்டும் இல்லை. இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையும் ஒரு இஷ்யூதான். மாணவர்கள் வந்து பார்த்து, இது என்னால் முடியும் என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருளுக்காகக் குரல் கொடுக்கும் ஓர் அமைப்பு, தன் பட்டியலைக் கட்டுள்ள ஒரு தளத்தில் வைப்பதா என்று எங்கள் இரண்டாமவன் குதிப்பான். அவன் கேள்வி நியாயமானதுதான். ஆனால் தமிழ்க் கணிமைக்குக் கை கொடுக்கக்கூடிய பிள்ளைகள் எங்கே உலவுகிறார்கள் என்று பார்த்தால், கணியம் செய்ததும் நியாயம்தான். ஓப்பன்-தமிழ் நிரலகமும் அங்கேதான், இ-கலப்பை தட்டச்சுக் கருவியும் அங்கேதான்.

கூட்டம் இருக்கும் இடத்தில் இரைச்சலும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் 2020 அக்டோபரில் நடந்தபோது இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பிய கூத்து நினைவிருக்கிறதா? விருப்பப்பட்டுப் பதிந்த திட்டங்களுக்குத்தான் இனி கணக்கு என்று பாதியில் விதியையே மாற்றினார்கள்.

சரி, இரண்டாமவனின் அச்சத்துக்கு வருகிறேன். அதைச் சும்மா கொள்கைப் பேச்சு என்று நான் தள்ளமாட்டேன். செஞ்சியில் பிறந்தவனுக்கு இது சொல்லாமலே புரிய வேண்டும். இந்தக் கோட்டை விஜயநகரத்து நாயக்கர்களிடமிருந்து பிஜப்பூருக்குப் போனது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் முகலாயர் எடுத்தார்கள். தேசிங்கு ராஜா கதை உங்களுக்குத் தெரியும். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஒவ்வொரு முறை கைமாறியபோதும் உள்ளே குடியிருந்தவனை யாரும் கேட்கவில்லை. இணையத் தளங்களும் அப்படித்தான் கைமாறுகின்றன. 1999இல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் ஒரு காலத்தில் திறமூல உலகத்துக்கே வீடு. 2015இல் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கொடுத்து மானத்தை வாங்கிக்கொண்டது. கூகுள் கோட் 2016 ஜனவரியில் கதவைச் சாத்தியது. கிட்டோரியஸை 2015இல் கிட்லாப் வாங்கி மூடியது. கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்தவர்களின் தனிப்பட்ட ரெப்போக்கள் முடக்கப்பட்டன. நம் நாட்டிலேயே 2014 டிசம்பர் கடைசியில் முடக்கிய 32 முகவரிகளில் கிட்ஹப்பின் கிஸ்ட் பக்கமும் ஆர்க்கைவ்.ஆர்க்கும் இருந்தன. சில நாளில் திறந்துவிட்டார்கள் என்பது வேறு.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தளம் மூடினால் நிரல் போகாது. கிட் அப்படி வடிவமைக்கப்பட்டது. குளோன் செய்த ஒவ்வொருவர் கணினியிலும் வரலாறு முழுக்க இருக்கும். இஷ்யூக்கள் அப்படி வராது. அவை தளத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. நாம் தனியாகக் கேட்டு எடுத்தால்தான் உண்டு. ஏன் இந்த வரியை இப்படி எழுதினோம், யார் என்ன சொன்னதால் மாற்றினோம் என்பதெல்லாம் இஷ்யூவில்தான் இருக்கும். கூட்டாகச் செய்த வேலையின் ஞாபகமே அதுதான். இதற்காகவே ஃபாசில் என்ற கருவி வழுப் பதிவையும் ரெப்போவுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. எஸ்க்யூலைட்டை எழுதிய ரிச்சர்ட் ஹிப் செய்தது. அழகான யோசனை. ஆனால் அதற்காகக் கிட் பழகிய பிள்ளைகளை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது.

அப்படியானால் நாமே ஒரு சர்வர் வைத்தால் என்ன? செய்கிறார்கள். இந்திய கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் சொந்தமாக கிட்லாப் நிறுவி நடத்துகிறார்கள். கிட்லாப் நினைவகத்தைத் தின்னும், அதே வேலையைச் செய்யும் ஃபோர்ஜியோ அப்படி இல்லை, சின்ன ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும். ஓட்டுவது கஷ்டமில்லை. ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அன்றே போட வேண்டும். பதிவைத் திறந்து வைத்தால் ஸ்பேம் கணக்குகள் வந்து குவியும், மூடி வைத்தால் புதியவர் வரமாட்டார். டொமைனுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நண்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் திட்டம் அதோடு சரி. சிரிக்காதீர்கள், தன்னார்வச் சர்வர்கள் பலவற்றின் வரலாறு இதுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: கோட்பெர்க். ஜெர்மனியில் பதிவுசெய்த லாபநோக்கில்லாத சங்கம் நடத்துகிறது, ஃபோர்ஜியோவில் ஓடுகிறது. நிறுவனம் வாங்கிவிடும் என்ற பயம் இல்லை. முகப்பைத் தன்னார்வலர்கள் தங்கள் மொழிக்கு மாற்றலாம். கிட்ஹப்பின் முகப்பில் நாம் ஒரு சொல்லைக்கூடத் தொட முடியாது. சிக் நிரல்மொழித் திட்டம் 2025 நவம்பரில் கிட்ஹப்பை விட்டு அங்கேதான் போனது.

அப்படிப் போனபோது அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய இஷ்யூக்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, புதிய இடத்தில் எண்ணை 30000இலிருந்து தொடங்கினார்கள். ஓர் எண்ணைப் பார்த்தாலே அது பழைய வீடா புது வீடா என்று தெரிந்துவிடும். டிராக்கர் மாற்றுவதில் உண்மையான வலி இந்த எண்தான். "#214ஐச் சரிசெய்தது" என்று ஆயிரம் கமிட்டுகளில் எழுதிவைத்திருப்போம். இடம் மாறியதும் 214 என்பது வேறு எதையோ காட்டும், அல்லது ஒன்றையும் காட்டாது.

விக்கிமீடியா 2014 நவம்பரில் பக்ஸில்லாவிலிருந்து பேப்ரிக்கேட்டருக்கு மாறியபோது இன்னும் எளிமையாகச் செய்தார்கள். பழைய எண்ணோடு 2000 கூட்டிக்கொள், அவ்வளவுதான். பக்ஸில்லாவின் முதல் வழு இன்று டி2001. மனக்கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். இன்னொரு பாடமும் அவர்களிடம் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த பேப்ரிக்கேட்டரை எழுதிய நிறுவனம் 2021இல் பராமரிப்பை நிறுத்திவிட்டது. நிரல் திறந்திருந்ததால் ஃபோர்ஜ் என்ற பெயரில் சமூகம் எடுத்துக்கொண்டது, விக்கிமீடியாவும் நடுத்தெருவில் நிற்கவில்லை. இதுவே மூடிய கருவியாக இருந்திருந்தால்?

பைத்தான் கதை நேர் எதிர்த் திசை. அவர்கள் சொந்தமாக ரவுண்டப் என்ற டிராக்கரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பராமரிக்க ஆளில்லை, புதியவர்களுக்கும் தயக்கம். கிட்ஹப்புக்குப் போகலாம் என்ற முன்மொழிவு 2018இல் எழுதப்பட்டு, 2019இல் ஏற்கப்பட்டு, வேலை முடிந்தது 2022 ஏப்ரலில். அத்தனை ஆள்பலம் உள்ள திட்டத்துக்கே இவ்வளவு காலம். இஷ்யூக்களுக்குப் புது எண் கிடைத்தது. பழைய எண்ணைத் தட்டினால் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும்படி செய்துவைத்தார்கள்.

இவ்வளவையும் பேசிவிட்டு நாங்கள் எடுத்த முடிவைச் சொன்னால் சப்பென்று இருக்கும். கிட்ஹப்பிலேயே இருக்கிறோம். நிரல் இருக்கும் இடத்திலேயே இஷ்யூவும். நிரல் ஓரிடம், இஷ்யூ ஓரிடம் என்று பிரித்தால் இரண்டையும் பார்க்க ஆளில்லை. ஆனால் இரண்டாமவன் வைத்த நிபந்தனைகளோடுதான் இருக்கிறோம். இஷ்யூக்களையும் அவற்றின் பேச்சுகளையும் மாதந்தோறும் ஏபிஐ வழியாக எடுத்து, ரெப்போவுக்குள் ஒரு கோப்புறையில் போட்டு வைக்கிறோம். மணிக்கு 5000 கோரிக்கை அனுமதிக்கிறார்கள், எங்களைப் போன்ற சின்னத் திட்டத்துக்கு அது தாராளம். ஃபோர்ஜியோவுக்கு கிட்ஹப்பிலிருந்து இஷ்யூ, லேபிள், பேச்சு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்த வழி திறந்திருக்கும்வரை எனக்குத் தூக்கம் வரும். புதிதாக ஒரு திட்டத்தை இன்று தொடங்கினால் கோட்பெர்க்கில்தான் தொடங்குவேன். ஏற்கெனவே பத்துப் பிள்ளைகள் புழங்கும் இடத்தை மாற்றமாட்டேன்.

பெரியவர்களின் குரல் பதிவுகள்? அவை வாட்ஸ்அப்பிலேயே வரட்டும். முறைவைத்து எங்களில் ஒருவர் கேட்டு, அதைத் தமிழிலேயே இஷ்யூவாக எழுதுகிறார். "மறுநாள் திறந்தால் முந்தைய நாள் மூட்டைக் கணக்கு தெரியவில்லை" என்று தலைப்பு. அதை ஆங்கிலத்தில் மாற்றவேண்டியதில்லை, படிக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ்தானே. ஒரே ஒரு கண்டிப்பு: பெயர், எண், ஊர் எதுவும் இஷ்யூவில் வரக்கூடாது. திரைப்பிடிப்பு அனுப்பினால் அதில் வங்கிக் கணக்கு எண்ணோ வியாபாரி பெயரோ இருக்கிறதா என்று பார்த்து, வெட்டித்தான் போட வேண்டும். யார் எவ்வளவு விற்றார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. வழு சரியானதும் அந்த எண்ணுக்கு அதே வாட்ஸ்அப்பில், "ஐயா, சரி பண்ணிட்டோம், செயலியைப் புதுப்பிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் அடுத்த வழு நம் காதுக்கு வராது.

முதலில் சொன்ன பெரியவரின் கணக்கு காணாமல் போனதற்குக் காரணம், கைப்பேசியின் தேதி தவறாக இருந்ததுதான். பேட்டரி கழற்றி மாட்டினால் சில பழைய கைப்பேசிகளில் தேதி பின்னால் போய்விடுகிறது, செயலி அந்தத் தேதியை நம்பிவிட்டது. சரிசெய்தது விழுப்புரத்துக் கல்லூரி மாணவி ஒருவர். செஞ்சி விற்பனைக்கூடத்தை அவர் பார்த்ததே இல்லையாம். தமிழில் எழுதியிருந்த இஷ்யூவைப் படித்தது மட்டும்தான்.

உங்களிடமும் ஒரு திறமூல ரெப்போ இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். இஷ்யூக்களை ஒருமுறை உங்கள் கணினிக்கு இறக்கிப் பாருங்கள், முடிகிறதா என்று. ரீட்மீயில் "வழுவைத் தமிழிலேயே எழுதலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.